கொல்லைக்குள் வந்த சீமைக் கருவை
(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கம் இருக்கிறவங்களுக்கு சீமைக் கருவேல மரத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலிக்காத்தான் என்பீர்கள், சீமைக் கருவை என்பீர்கள். சில ஊர்களில் வெறுமனே 'முள்ளு' என்றாலே இதுதான். கண்மாய்க்குள் நிற்கிற மரத்தைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு. வீட்டுக்குப் பின்னால் வேம்பும் பனையும் புங்கனுமாக ஒரு கொல்லை இருக்கிறதே, அதற்குள் இது நுழைந்துவிட்டால் என்ன செய்வது, அதற்கு ஆகிற செலவை எங்கே தேடுவது என்பதுதான் பேச்சு.

எப்படி நுழைகிறது தெரியுமா? நாம்தான் கொண்டுவந்து சேர்க்கிறோம். இதன் காய் இனிப்பு. ஆடும் மாடும் ஆசையாகத் தின்னும். உள்ளே இருக்கிற விதைக்குத் தோல் கெட்டி, வயிற்றுக்குள் போனாலும் சாகாது. சாணியோடு, புழுக்கையோடு வெளியே வந்து, எருவும் ஈரமும் சேர்ந்த இடத்தில் விழுந்து முளைக்கிறது. ஆடு கட்டுகிற இடம், எருக்குழி ஓரம், மாடு படுக்கிற வேப்பமரத்தடி, இங்கெல்லாம்தான் முதல் கன்று தலைகாட்டும். விழுந்த விதை எல்லாம் ஒரே மழையில் முளைப்பதும் இல்லை. பல வருஷம் மண்ணுக்குள் கிடந்து, நல்ல மழை பார்த்து எழுந்திருக்கும்.

இரண்டு வருஷம் பாராமல் விட்டால் போதும். அடியில் புல் இருக்காது, வேப்பங்கன்று தானாக முளைத்து வராது. பிள்ளைகள் கொல்லைப் பக்கம் போனால் காலில் முள்ளு, சைக்கிளில் போனால் டயரில் முள்ளு. புதருக்குள் பாம்பு இருந்தாலும் தெரியாது. பனங்காய் பொறுக்கப் போக முடியாத பனந்தோப்பு இருந்து என்ன பிரயோசனம்?

இந்த மரத்தைப் பற்றிக் கதைகளும் உண்டு. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், இதன் நிழலில் கட்டின மாடு சினை பிடிக்காது என்றெல்லாம் சொல்வார்கள். அதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. காமராசர் காலத்தில் வந்தது என்பதும் முழு உண்மை இல்லை. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது. 1870களிலேயே, சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பைப் பகுதிக்கு விறகுக்காக விதை வரவழைத்து விதைத்திருக்கிறார்கள். வேர் ஆழமாகப் போகும், பக்கத்துச் செடியை வளர விடாது என்பது மட்டும் மெய். அந்த ஒன்றே போதாதா, வெட்டுவதற்கு!

ஆனால் கத்தியை எடுக்கும் முன்னால் மரத்தைப் பாருங்கள். நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிச் சாய்த்துவிட்டு, பிறகு கலப்பைக்குக் கட்டை இல்லையே என்கிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டுக் கருவேலம் மஞ்சள் பந்து மாதிரிப் பூக்கும். அதன் காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே ஒடுங்கி இருக்கும். சீமைக் கருவையின் பூ விரல் நீளத்துக்குக் கதிர் மாதிரித் தொங்கும், காய் பழுத்தால் வைக்கோல் நிறத்தில் லேசாக வளைந்து இருக்கும். பட்டை வெளுத்து நிற்பது வெள்வேல், அதுவும் நம் மரம்தான். வைத்துக்கொள்ள வேண்டியதற்கெல்லாம் முதல் நாளே சுண்ணாம்பு பூசிவிடுங்கள். கூலிக்கு வருகிறவர்களுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவருக்கும் அது தெரியும்படி இருக்கட்டும். பனை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள்.

எப்போது வெட்டுவது? கோடையில் வேலை இல்லாத நாளில் வெட்டுவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் தை, மாசிதான் சரியான நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணில் இன்னும் இருக்கும், தூர் தோண்டக் கடப்பாரை இறங்கும். காயும் பழுத்து உதிர்ந்திருக்காது. சித்திரை, வைகாசியில் வெட்டி இழுத்தீர்களானால் போகிற வழியெல்லாம் விதை தூவினது போல ஆகிவிடும்.

வெட்டுவதில்தான் நிறையப் பேர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். தரைமட்டத்துக்கு மேலே அரிவாளால் வெட்டிப் போட்டால் மரம் சாகாது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஆறு, ஏழு தண்டு கிளம்பும். முன்பாவது மரமாக நின்றது, இப்போது புதராக நிற்கும். தண்டும் வேரும் சேருகிற கழுத்து இருக்கிறதே, தளிர் விடுகிற கண் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சுற்றி மண்ணை எடுத்து, கழுத்துக்குக் கீழே, ஒரு அடி ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, தூரைப் புரட்டி வெளியே போட்டுவிட்டால் மிச்ச வேர் உள்ளேயே மக்கிப் போகும். முழு வேரையும் தேடிப் பத்தடி தோண்ட வேண்டிய அவசியம் இல்லை. பென்சில் கனத்துக் கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையுறை போட்டுப் பிடுங்கினாலே வந்துவிடும். தூரில் டீசல் ஊற்றுவது, ஆசிட் ஊற்றுவது, உப்புக் கொட்டுவது இதெல்லாம் வேண்டாம். பக்கத்தில் குடிதண்ணீர்க் கிணறு இருக்கும், தென்னை இருக்கும்.

வேலைக்கு இறங்கும் முன் நீளக் கம்பால் புதரைத் தட்டுங்கள், உள்ளே இருப்பது ஓடட்டும். கெட்டிச் செருப்பு இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். ஆழமாக முள் ஏறிவிட்டால், சுண்ணாம்பைத் தடவிவிட்டு இருந்துவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, காசுக்கு எங்கே போவது? முதல் காசு அந்த மரத்திலேயே இருக்கிறது. விறகுக்கும் சூளைக்கும் கரி மூட்டத்துக்கும் இது நல்ல சரக்கு. வியாபாரியே ஆள் வைத்து வெட்டி எடுத்துக்கொள்வார். ஆனால் மேலே இருக்கிற கட்டையை ஏற்றிக்கொண்டு தூரை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் பல இடத்தில் நடக்கிறது. அடுத்த வருஷம் பழைய கதைதான். அதனால் விலை பேசும்போதே, 'தூரோடு எடுத்து, குழியை மூடித் தரவேண்டும்' என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். விலை கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார். குறைத்தே கொடுங்கள். தூர்க்கட்டையும் கரிக்கு ஆகிற சரக்குதான், அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. முன்பணம் வாங்கினாலும், கடைசி வண்டி கிளம்பும் முன் நீங்களே ஒரு சுற்று நடந்து குழிகளைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அரசாங்க உதவி. வேளாண்மைப் பொறியியல் துறை நிலம் திருத்த புல்டோசர், மண் அள்ளும் இயந்திரம், டிராக்டர் இவற்றைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டுப் பதிவு வரிசைப்படி காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டுக் கொல்லைக்காக இயந்திரம் தனியாக வந்து போனால் கட்டுப்படி ஆகாது. ஒரே தெருவில் கொல்லையும் அதை ஒட்டின தரிசும் உள்ள ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஒரே நாளில் வேலை நடக்கிற மாதிரி கேட்டுப் பாருங்கள்.

தரிசுக்கென்று தனித் திட்டங்களும் வந்திருக்கின்றன. 2021-22ல் தொடங்கிய கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், 10 முதல் 15 ஏக்கர் தரிசை ஒரு தொகுப்பாகச் சேர்த்து, முள்ளை அகற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்க வழி வைத்தார்கள். திட்டத்தின் பெயரும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே பட்டா, சிட்டா, அடங்கல் நகலோடு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கு நேரில் போய், 'இந்த வருஷம் எங்கள் ஊருக்கு என்ன இருக்கிறது' என்று கேளுங்கள். வேலையை முடித்துவிட்டு மானியம் கேட்கப் போகாதீர்கள். முள் நிற்கும்போதே அலுவலர் வந்து பார்த்தால்தான் காரியம் நடக்கும்.

உங்கள் பட்டாவுக்கு வெளியே ஒரு அடி கூட வெட்டாதீர்கள். கொல்லையை ஒட்டி வாய்க்கால் புறம்போக்கு இருந்தால் ஊராட்சியில் மனுக் கொடுங்கள். 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டதும், 2022ல் அயல் தாவரங்களை அகற்ற மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டதும் அந்த மனுவுக்கு வலு சேர்க்கும். கரை மேலே நிற்கிற மரத்தை மட்டும் ஒரே நாளில் தூரோடு பிடுங்கச் சொல்லாதீர்கள். மழைக்குக் கரை கரைந்து போகும். பாதி பாதியாக எடுத்து, எடுத்த இடத்தில் பனங்கொட்டை ஊன்ற வேண்டும்.

ஒன்று கேட்பீர்கள்: 'கரி மூட்டத்தை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கிறதே, ஐயா?' இருக்கிறது. மானம் பார்த்த பூமியில், விளைச்சல் இல்லாத வருஷம் அடுப்பெரிய வைத்ததே இந்த மரம்தான். அதனால்தான் ஊர் முழுக்க ஒரே நாளில் அழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கொல்லை, கிணற்றடி, விளைகிற நிலம், நீர் வருகிற வழி, இவற்றில் முதலில் எடுங்கள். வேறு ஒன்றும் விளையாத உவர்க்காட்டில் நிற்பது நிற்கட்டும். அதை முறை வைத்து வெட்டிக் கரி போடுகிறவர்கள் போடட்டும். ஆனால் அந்தக் காட்டில் காய் பழுக்கிற மாதம் மேய்ந்த ஆட்டை, வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குள் அவிழ்த்து விடாமல் சில நாள் பட்டியிலேயே கட்டிப் போடுங்கள். பழுத்த காயைப் பொறுக்கி, உலர்த்தி, விதை நொறுங்கும்படி அரைத்துத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்தும் கொடுக்கலாம். காயை மட்டுமே வயிறு நிறையத் தின்கிற மாட்டுக்குத் தாடையும் நாக்கும் கெட்டுப்போவது உண்டு.

எடுத்த இடத்தைச் சும்மா போடாதீர்கள். வெயில் விழுந்தால் மண்ணில் கிடக்கிற விதை அத்தனையும் கிளம்பும். அந்த ஐப்பசியிலேயே வேம்பு, புங்கன், புளி, கொடுக்காப்புளி என்று நட்டு நிழல் கட்டுங்கள். வனத்துறை நாற்றங்காலிலும், வேளாண்மைத் துறையின் பசுமைப் போர்வைத் திட்டத்திலும் கன்று கொடுத்து வந்திருக்கிறார்கள், விசாரியுங்கள். பிறகு ஒவ்வொரு மழைக்கும் அடுத்த நாள் காலையில் வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு மணி நேரம் கொல்லையைச் சுற்றி வந்து, முளைத்த கன்றைப் பிடுங்குங்கள். இதற்கு மானியமும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. நாலைந்து வருஷம் இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். முதலில் எருக்குழி ஓரத்தைப் பாருங்கள்.