புறத்தே வயிரம்



இலங்கையில் கண்டி மாநகர்க்கு அருகே, மகாவலி கங்கை வளைந்தோடும் நிலத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்கா அமைந்துள்ளது. 1821இல் தொடங்கப்பெற்ற அப்பூங்காவில் யான் கண்ட பனையினங்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

சீசெல்சுத் தீவுகளுக்கே உரிய இரட்டைத் தேங்காய் மரம் அங்கு உண்டு. தாவர உலகில் அதனினும் பெரிய விதை இல்லை. தாய்மரம் இருக்குமிடம் அறியாத காலத்தில், மாலத்தீவுக் கரைகளில் ஒதுங்கியவற்றைக் கண்டோர் அது கடலடியில் வளரும் மரத்தின் கனி என்றே நம்பினர். உண்மை வேறு. உயிருள்ள புதுக்காய் நீரில் மூழ்கிவிடும். உள்ளீடு அழிந்த கூடே மிதந்து கரைசேரும்.

தாளிப்பனையின் வாழ்வு இன்னும் வியப்பானது. 30 முதல் 80 ஆண்டுகள்வரை பூவாது நின்று, ஒரே ஒருமுறை உச்சியில் பெருங்கொத்தாய்ப் பூத்துக் காய்த்து மடிகின்றது. ஏடுகள் பல அதன் ஓலையில் எழுதப்பெற்றவை.

இவ்வரிய மரங்களுக்கிடையே நம் நாட்டுப்பனையும் சாலையின் இருமருங்கும் அணிவகுத்து நிற்கின்றது. "நம்மூர்ப் பனைக்கு இங்கே என்ன வேலை, அம்மா?" என்று உடன்வந்த மாணவி ஒருத்தி வினவினாள். நல்ல வினா. அதற்குரிய விடை தொல்காப்பியத்தில் தொடங்குகிறது.

புறத்தே வயிரம் உடையன புல், அகத்தே வயிரம் உடையன மரம் என்று மரபியல் வகுக்கின்றது. அக்கணக்கில் பனை புல்லினமே. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லைப் போன்றே ஒருவித்திலைத் தாவரமாகக் கொள்கின்றது. இந்நுட்பம் நம் கைக்கு வந்ததும் பனையாலேயே. ஓலை நெடுங்காலம் நில்லாது. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் படியெடுத்தமையால் நூல் நின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தை அச்சேற்றினார். அதே யாழ்ப்பாணத்தில் 1981இல் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஆகவே, எளிதிற் கிடைக்கின்றது என்பதற்காக எதனையும் அழியாதது என்று எண்ணிவிடலாகாது. பூங்காவினர் பனையையும் நட்டுக் காத்ததன் பொருள் இதுவே.

நம் பகுதிக்கு வருவோம். பனை 1978இல் தமிழகத்தின் மாநில மரமாயிற்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என 2021இல் அரசு அறிவித்தது. கோடரியைச் சட்டம் தடுக்கலாம். சொற்களை யார் காப்பது? வடலி, கருக்கு, பாளை, பன்னாடை, குரும்பை எனும் இவற்றின் பொருளை வகுப்பில் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலர். ஆயினும் நம் கவிதைகளில் பனை வந்துகொண்டேயிருக்கின்றது. பனையடியில் நின்றறியாத கவிஞனின் பனை, உள்ளீடு அழிந்து மிதந்துவரும் கூடு போன்றதன்றோ?

இங்கிருந்து வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தையும் அனல்மின் நிலையங்களையும் கடந்தால் பழவேற்காடு. அங்கே பெண்கள் இன்றும் பனையோலையில் கூடை முடைகின்றனர். ஓலையைப் பதப்படுத்துவதற்கும் கிழிப்பதற்கும் பின்னுவதற்கும் அவர்கள் வழங்கும் சொற்களை நாம் சென்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அச்சொற்களைத் தொகுத்து இவ்வட்டம் வெளியிடுதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பெரும் பொருட்செலவு இதற்கு இல்லை; கேட்கும் பொறுமை ஒன்றே வேண்டும்.

சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சூளுரைத்ததாகச் சொல்லப்படும் திருவொற்றியூர் நம்முடையது. மரத்தின் முன் சொன்ன சொல்லுக்கு எடை உண்டு என்று நம்பிய மண் இது. இவ்வேண்டுகோளை ஏற்றுச் செயற்படுத்துவீர்கள் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகின்றேன்.