அதிகப்பிரசங்கி
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஐந்து நிமிஷம்தான் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். தாண்டினால் இன்றைய தலைப்புக்கு நானே உதாரணமாகிவிடுவேன்.

நம் அகங்களில் 'அதிகப்பிரசங்கி' பட்டம் வாங்காமல் வளர்ந்தவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம். தமிழில் பிரசங்கம் என்றால் சொற்பொழிவு. ஆகவே அதிகம் பேசுகிறவன் அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நாள் முழுக்க வாய் ஓயாதவனை வாயாடி என்போம், தொணதொணப்பு என்போம்; அதிகப்பிரசங்கி என்பதில்லை. ஒரே வாக்கியம் பேசினவனுக்கும் இந்தப் பட்டம் கிடைக்கும். ஏன், வாயே திறக்காமல், யாரும் கேட்காமலே மாமாவின் பெட்டியைத் திறந்து அடுக்கி வைத்த பையனுக்கும் கிடைக்கும்!

ஸம்ஸ்கிருதத்தில் பிரசங்கம் என்பதற்குத் தொடர்பு, சந்தர்ப்பம் என்றெல்லாம் பொருள். வடக்கே குழந்தைகளைப் படிக்க வைத்தவர்களுக்குத் தெரியும்: ஹிந்திப் பரீட்சையில் 'பிரசங்க்' எழுதச் சொன்னால், அந்த வரிகள் எந்த இடத்தில் வருகின்றன என்றுதான் எழுத வேண்டும். வியாகரணத்திலும் நியாய சாஸ்திரத்திலும் 'அதிப்ரஸங்கம்' என்று ஒரு தோஷம் உண்டு. ஒரு விதி தனக்குரிய இடத்தைத் தாண்டி, பொருந்தாத இடத்திலும் போய் விழுவது. நம் அதிகப்பிரசங்கி இதற்கு நெருங்கிய பந்து. மலையாளத்திலும் கன்னடத்திலும்கூட இதே சொல் இதே வசவாக இருக்கிறது.

ஆக, குற்றம் பேச்சின் அளவில் இல்லை, இடத்தில். அந்த இடத்தை யார் தீர்மானிப்பது? இந்தச் சொல் மேலிருந்து கீழேதான் விழும். மாமியார் நாட்டுப்பெண்ணைச் சொல்வாள். மாமனாரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் பதினோரு வயது. அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பிள்ளைக்குக் கல்கத்தாவில் நல்ல உத்தியோகம் என்று பேச்சு. அவர் தம்பி என் வகுப்பு. "அண்ணாவுக்கு வேலை போயிடுத்துன்னு அவன் சொன்னானே" என்றேன். "அதிகப்பிரசங்கி! உள்ளே போடா" என்றார் அப்பா. போனேன். கல்யாணமும் நடந்தது. மூன்றாம் மாதம் எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவள் அகத்தில் எந்தக் குழந்தை குறுக்கே பேசினாலும், "இருங்கோ, என்ன சொல்றதுன்னு கேட்டுண்டு அப்புறம் திட்டலாம்" என்பாள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உட்கார்ந்துவிடுகிறேன்.