பாடும் கௌபோயும் எங்கள் அம்மாயியும்



குதிரையும் கிட்டாருமாக வந்த ஜீன் ஓட்ரியை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1935இல் வெளிவந்த ‘டம்பிளிங் டம்பிள்வீட்ஸ்’ படத்தில் அவர்தான் கதாநாயகன். அதன்பின் பாடும் கௌபோய்ப் படங்கள் வரிசையாக வந்தன.

ஆனால் உண்மையான கௌபோய் யார்? அடுத்தவர் மாட்டைக் கூலிக்கு மேய்த்தவன். இரவில் மந்தை மிரளாதிருக்கப் பாடியவன். அந்தத் தொழிலாளரின் பாடல்களை ஜோன் லோமக்ஸ் திரட்டி 1910இல் நூலாக்கினார். படங்கள் வந்தது பிறகுதான்.

எங்கள் அம்மாயிமாரும் அடுத்தவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே பாடியவர்கள்தானே? அந்தப் பாடல்களைத் தேடித் திரட்டினார், மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. ஆனாலும் ஒருவரே எல்லா லயத்துக்கும் போக முடியுமா?

படிக்கிற காலத்தில் வானொலியில் கேட்ட கௌபோய்ப் பாட்டுகளை ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்தேன். பக்கத்திலேயே அம்மாயி தம்பியைத் தாலாட்டிக்கொண்டிருந்தார். அதை எழுதவில்லை. இன்று எனக்கு நினைவிருப்பது இரண்டே அடி.

அம்மாயி இன்னும் இருக்கிற பிள்ளைகள், இன்றிரவே ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.