கம்பி எந்தத் தெருவோடு நிற்கிறது?



நினைவுச் சொற்பொழிவில் கேபிள் டிவியைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கலாம். குடிநீர்க் குழாய், தார்ச்சாலை, தெருவிளக்கு என்று காலனிக்குக் கடைசியாக வந்தவற்றின் வரிசையில் கேபிளும் உண்டு. அதனால்தான் பேசுகிறோம்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று சிப்காட் விரிந்த காலத்தில் ஊர்த்தெருவுக்குக் கேபிள் வந்தது. எங்கள் காலனி முனையில் நின்றுபோனது. "வீடு கம்மி, வசூல் வராது" என்றார் ஆபரேட்டர். அவரும் உள்ளூர்க்காரர்தான். யாரிடம் முறையிடுவது? 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்தால் போதும் என்றது. ஒதுக்கீட்டில் வென்று வந்த நம் ஊராட்சித் தலைவருக்கு அதில் எந்தப் பங்கும் தரவில்லை.

சரி, அரசு நடத்தினால்? 2007இல் திமுக ஆட்சி அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. கலைஞர் குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிளவு நேர்ந்த ஆண்டு அது. சமரசம் வந்ததும் நிறுவனம் முடங்கியது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா மாதம் 70 ரூபாய்க்கு அதை மீண்டும் இயக்கினார். கூலி வீடுகளுக்கு அது ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் தொடங்கியபோதும் முடங்கியபோதும் நம்மை யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் பல ஊர்களில் நகராட்சிதான் கேபிள் உரிமம் தந்தது. ஒரு பகுதியில் வாழ்வோர் ஏழைகள் என்பதற்காக இணைப்பை மறுக்கக் கூடாது என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மக்களே நிகழ்ச்சி செய்து ஒளிபரப்பத் தனிச் சேனல் ஒதுக்கச் சொல்லவும் நகராட்சியால் முடிந்தது. 2005இல் டெக்சாஸும் 2006இல் கலிபோர்னியாவும் உரிமம் தரும் அதிகாரத்தை மாநிலத்துக்கு மாற்றின. உள்ளூர் உரிமை பறிபோகிறது என்று நகரங்கள் எதிர்த்தன.

நாம் அப்படியே அந்தக் குரலில் சேர்ந்துவிட முடியாது. கிராமத்தைப் போற்றியவர்களுக்கு எதிராக அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அண்ணல் அம்பேத்கர் பேசியதை நாம் மறக்கவில்லை. நம் கிராமத்தில் உள்ளூர் என்றால் யாருடைய ஊர்? அதிகாரம் ஊரில் இருந்தாலும் கோட்டையில் இருந்தாலும், மறுக்க முடியாத இணைப்பும் நம் குரலுக்கு ஓர் இடமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இது பழைய கதையல்ல. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்வது இன்றைய அரசுத் திட்டம். ஊராட்சி அலுவலகம் உங்கள் ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது? அங்கிருந்து காலனிக்குக் கம்பி எப்போது வரும்? அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

ஜெய் பீம்.