புத்தகக் கடையில் ஆர்வெல்

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1934 முதல் 1936 வரை, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலிருந்த பழைய புத்தகக் கடையொன்றில் பகுதிநேர விற்பனையாளராக இருந்தார். சிறு கட்டணத்துக்கு நூல்களை இரவல் தரும் பிரிவான வாடகை நூலகமும் அங்கே இயங்கியது.

புத்தகக் காதல் அந்தக் கடையில்தான் தேய்ந்தது என்று 1936இல் வெளிவந்த கட்டுரையில் அவர் எழுதினார். விற்பவர் நூல்களைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிடக் கொடுமை, ஓயாமல் தூசி தட்டுவதும், இங்குமங்கும் சுமப்பதும், நூல்களின் மேல்விளிம்பில் செத்துக்கிடக்கும் ஈக்களைக் காண்பதும். மிட்டாய்க் கடைக்காரருக்கு இனிப்பு திகட்டுவது போலத்தான் இதுவும்.

காதல் தேய்ந்ததே தவிர, வாசிப்பு நிற்கவில்லை. படிக்க விரும்பி, இரவலாகவும் கிடைக்காத நூலை மட்டுமே அவர் பிறகு விலைக்கு வாங்கினார். வாங்கி அடுக்கிவிட்டுப் பிரிக்காமலே வைத்திருப்போருக்கு இது சற்றே உறுத்தலாம்.