வீரர்தம் இல்லம்



படைப்பணியால் வரும் பயன்கள் பல. மாதந்தோறும் ஊதியம், குடும்பத்திற்கு மருத்துவ உதவி, முதுமைக்கு ஓய்வூதியம். இவற்றிற்கும் மேலாக ஊரார் தரும் மதிப்பு. ஆயினும் இவற்றிற்கு விலை கொடுப்பவர் வீரர் மட்டுமல்லர். அவர்தம் இல்லத்தாரும் ஆவர்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் தந்த ஹவில்தார் பழனி 22 ஆண்டுகள் படையில் பணியாற்றினார். தாம் கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழாவிற்கும் அவரால் வர இயலவில்லை. 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் உயிர் நீத்தார். 2021-இல் அவருக்குரிய வீர சக்கரத்தைக் குடியரசுத் தலைவரிடம் பெற்றுக்கொண்டவை அவர் மனைவியாரின் கைகள். அவர் எல்லையில் நின்ற காலத்தில் பிள்ளைகளைப் பேணியவையும் அதே கைகள் அல்லவா?

நம் காலனியிலும் கணவரையோ மகனையோ எல்லைக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசி மணியை எதிர்நோக்கி வாழும் இல்லங்கள் உண்டு. பொங்கலன்று அவ்வீட்டாரை நம் வீட்டிற்கு அழைப்போம். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மருத்துவமனைக்கு உடன் செல்வோம். மேடையில் வீரரைப் புகழ்வது எளிது. அவர் இல்லாத வேளையில் அவர் குடும்பத்திற்கு உறவாய் நிற்பதே நாம் செலுத்தக்கூடிய நன்றி.