யானை எப்போது தூங்குகிறது?

மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் வாழையும் வைத்திருக்கிறவர்களுக்குப் பரண் காவலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கதிர் பால் பிடித்த நாளிலிருந்து அறுப்பு முடிகிறவரை வீட்டில் படுக்கை கிடையாது. டார்ச் லைட்டும் தகர டப்பாவுமாக ராத்திரி முழுக்கப் பரண் மேல்தான். அப்படி ஒரு பரணடியில் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க ஆபீசர், நாங்களும் ஆள் மாத்தி ஆள் முழிச்சுத்தான் பாக்குறோம். இந்த ஆனை எப்பத்தானுங்க தூங்கும்?" படைப்புழுவைப் பற்றிப் பேசப் போன எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததை இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

யானைக்கு மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். செய்தியில் 'ரேடியோ காலர்' என்கிறார்களே, அதுதான். நம் கையில் இருக்கிற செல்போன் நாம் நிற்கிற இடத்தைக் காட்டுகிற மாதிரி, பட்டையில் உள்ள கருவி செயற்கைக்கோள் உதவியோடு யானை நிற்கிற இடத்தைக் குறித்து, அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருக்கும்.

இடம் தெரிந்தால் போதுமா? ஒரே இடத்தில் நிற்கிற யானை தூங்குகிறதா, தின்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில், சோபே தேசியப் பூங்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விழித்திருக்கிற யானையின் தும்பிக்கை சும்மாவே இருக்காது. எதையாவது துழாவிக்கொண்டே இருக்கும். அதனால், மனிதர்களின் தூக்கத்தை அளக்கிற சின்னக் கைக்கடிகாரம் போன்ற கருவியை, இரண்டு பெண் யானைகளின் தும்பிக்கைத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். இரண்டும் தத்தம் கூட்டத்துக்குத் தலைவிகள். தும்பிக்கை ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால் தூக்கம் என்று கணக்கு. நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பதைக் கழுத்துப் பட்டை சொல்லிவிடும்.

35 நாள் கணக்கு 2017-ல் வெளிவந்தது. சராசரித் தூக்கம் எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம்! அதுவும் ஒரே மூச்சாக இல்லை, நாலைந்து தடவையாக. பெரும்பாலும் பின்னிரவு 2 மணிக்கு மேல், விடிவதற்குள். நின்றபடியேதான் அதிகம், மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவைதான் படுத்து, ஒரு மணி நேரம்போலத் தூங்கும். சில ராத்திரி அதுவும் கிடையாது. 46 மணி நேரம் வரை கண் மூடாமல் இருந்திருக்கின்றன. அந்த மாதிரி ராத்திரிகளில் 30 கிலோமீட்டர் தூரம்போல நடந்திருக்கின்றன. சிங்கமோ, திருட்டு வேட்டைக்காரர்களோ, மதம் பிடித்த ஆண் யானையோ விரட்டியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

பார்த்தது இரண்டே யானை, அதுவும் ஆப்பிரிக்க யானை. நம்மூர் யானைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முழித்திருக்கிற போட்டியில் பகலெல்லாம் வேலை செய்த மனுஷன் யானையை ஜெயிக்க முடியாது. நாம் வெடி போட்டு விரட்டினால் அது காட்டுக்குத்தான் போகும் என்பதும் நிச்சயமில்லை. அடுத்த ஊர்க்காரர் சோளக்காட்டுக்கும் போகலாம்.

பட்டை கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். தர்மபுரிப் பக்கம் பயிரை அழித்த ஒரு மக்னா யானையை 2023 பிப்ரவரியில் பிடித்து, பட்டை கட்டி, ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. மலையை விட்டு இறங்கி, பொள்ளாச்சிச் சமவெளி வழியாகக் கோவை பேரூர் வரை வந்துவிட்டது! அதே மாதம் மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று. பட்டை யானையைக் கட்டிப்போடாது. இருக்கிற இடத்தைச் சொல்லும், அவ்வளவுதான். அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் சில சமயம் அந்தத் தகவலும் தாமதமாகும்.

ஆனால் தகவலை லேசாக எண்ண வேண்டாம். வால்பாறையில் பட்டையை நம்பாமல், ஆட்களே யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து கவனித்து, 2011 முதல் செல்போன் செய்தியும் சிவப்பு விளக்கும் மூலம் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொல்லிவந்தார்கள். விளக்கு எரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பாதையில் போகக் கூடாது என்று தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே காட்டோரத்து விவசாயிகள் அறுப்புக்கு ஒரு மாதம் முன்னாலேயே வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். நம் பக்கத்தில் பட்டை கட்டின யானை உண்டா, அது நெருங்கினால் நம் ஊருக்கு யார் சொல்வார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெரியவர் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். பரணில் படுக்கிறவர் நம்பரைக் கொடுங்கள். பரணுக்கு ஏறுமுன் போனைச் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.